குன்னூர் மார்க்கெட் சர்ப்ளஸ் கடை: செக்கிங் டேபிளில் நின்றவள் சொல்கிறேன்

குன்னூரில் பனியன் துணிக்கு நல்ல கடை எது என்று என்னிடம் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்பதுண்டு. நான் சொல்லுவது ஒரே கடைதான். மார்க்கெட்டுக்குள் பாத்திரக் கடைகளைத் தாண்டிப் படியிறங்கினால் வலது கைப் பக்கம் இருக்கிறது. பெரிய போர்டு கிடையாது. வெளுத்துப்போன ஒரு ஃப்ளெக்ஸில் ‘திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ‘அவிநாசிக்காரர் கடை’ என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

நான் 2005இலிருந்து 2020 வரை திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங், அதாவது தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, பார்த்தவள். முதலில் டேபிளில் நின்றேன், கடைசியில் செக்கிங் சூப்பர்வைசர். கொரோனாவில் ஆர்டர்கள் நின்றதும் மலைக்கே திரும்பிவிட்டேன். இப்போது வீட்டில் இரண்டு மெஷின் போட்டு பிளவுஸும் ஆல்ட்ரேஷனும் செய்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் கை துணியைத் திருப்பி உள்தையலைப் பார்த்துவிடும். அந்தக் கையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கடையில் எனக்கு முதலில் பிடித்தது, சரக்கைக் கலக்காமல் வைத்திருப்பது. இடது சுவரோரம் அடுக்கியிருப்பது சர்ப்ளஸ். நடு மேஜையில் குவிந்திருப்பது கேன்சல் ஆர்டர். கீழே அட்டைப் பெட்டிகளில் கிடப்பது செகண்ட்ஸ். மூன்றுக்கும் மூன்று விலை. பெரியவர்களுக்கான சாதாரண டி-ஷர்ட் சுவரோரம் 220 ரூபாய், மேஜையில் 180, பெட்டியில் 100. சுற்றுலாக்காரர்கள் வரும் தெருக்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து, மேலே ‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ என்று எழுதி, 350 சொல்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற வேண்டியதில்லை. பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு நிறுவனம், 10,000 பீஸ் கேட்டால் கம்பெனி 10,000 மட்டும் வெட்டாது. பிரின்டில் கொஞ்சம் போகும், தையலில் கொஞ்சம் போகும், அயர்ன் மேஜையில் கூடக் கருகும். அதனால் நூற்றுக்கு மூன்றோ ஐந்தோ கூடுதலாக வெட்டுவார்கள். வேலை சுத்தமாக நடந்து வீணானது குறைந்தால் நல்ல பீஸே மிஞ்சும். அதுதான் சர்ப்ளஸ். கப்பலில் போன பீஸுக்கும் அதற்கும் தரத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது. செகண்ட்ஸ் என்பது எங்களைப் போன்றவர்கள் டேபிளில் ஒதுக்கியது: எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, கைக்கும் உடம்புக்கும் ஷேடு மாறியது, தையல் விட்டது.

கேன்சல் ஆர்டர்தான் கவனிக்க வேண்டிய சரக்கு. தேதி தவறிப்போய் நின்றிருக்கலாம், பையர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆகியிருக்கலாம். இன்ஸ்பெக்‌ஷனில் எல்லா பீஸையும் பார்ப்பதில்லை. பொதுவாக 3,000 பீஸ் லாட் என்றால் பெட்டிகளிலிருந்து 125 பீஸை உருவுவார்கள். பெரிய குறை ஏழு பீஸ் வரை இருந்தால் பாஸ். எட்டாவது வந்தால் லாட் மொத்தமும் நின்றுவிடும். அந்த எட்டாவது பீஸ் என் டேபிளைத் தாண்டிப் போனதாக இருக்கக் கூடாதே என்று ஷிப்மென்ட் நாட்களில் சாப்பாடு இறங்காது. ஆகவே ஃபெயில் ஆன லாட் என்றாலும் அதில் பெரும்பாலான பீஸ்கள் நன்றாகவே இருக்கும். எது கெட்டது என்று பொறுக்கத் தெரிந்தால் போதும்.

கடைக்காரர் அதையும் மறைப்பதில்லை. “அம்மிணி, இது ஃபெயிலான லாட்டுங்க. கழுத்துத் தையல மட்டும் இழுத்துப் பாத்து எடுங்க” என்று அவரே சொல்லிவிடுவார். எனக்கு மட்டும் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் ஓரமாக நின்று கவனித்தேன். வெலிங்டனிலிருந்து வந்த ஒரு பட்டாளத்துக் குடும்பத்துக்கும் அரைகுறை இந்தியில் அதையேதான் விளக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குத் துணி தெரியும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அவிநாசிப் பக்கம் இருபது மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் நடத்தியவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நொய்யல் எப்படிக் கிடந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். பாலத்தில் நின்றால் இன்றைக்கு எந்தக் கலர் ஓடுகிறது என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயத் தண்ணீர். அந்தத் தீர்ப்பு வர வேண்டிய தீர்ப்புதான். ஆனால் சாயம் போட முடியாமல் துணி வெளியூருக்குப் போய் வர ஆரம்பித்ததும் ஆர்டர் தேதிகள் தவறின. முதலில் விழுந்தது இவரைப் போன்ற சிறிய ஆட்கள். கடைக்கார அண்ணன் மெஷின்களை விற்றார், திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் லாட் எடுத்து விற்கத் தொடங்கினார், அப்புறம் மனைவியின் ஊரான குன்னூருக்கே வந்து கடை போட்டுவிட்டார். இப்போதும் சரக்கு காதர்பேட்டையிலிருந்தும், நேரடியாகத் தெரிந்த கம்பெனிகளிலிருந்தும்தான் வருகிறது.

சரி, கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது என்று சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட்டை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்குங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்து வந்தால், துவைத்த பிறகு இன்னும் முறுக்கிக்கொள்ளும். சிங்கிள் ஜெர்சி என்கிற சாதா பனியன் துணியில் நூலின் முறுக்கு சரியாக அமராவிட்டால் அப்படித்தான் ஆகும், எந்த அயர்னும் அதைத் திருத்தாது. அடுத்தது கழுத்துப்பட்டி. ரிப்பை நன்றாக இழுத்து விடுங்கள். உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அலையலையாக நின்றால் வைத்துவிடுங்கள். பின்கழுத்தில் தோளிலிருந்து தோள் வரை உள்ளே ஒரு டேப் வைத்துத் தைத்திருந்தால் அது காசு கொடுத்துச் செய்யச் சொன்ன பையரின் சரக்கு. பிறகு உள்பக்கம் திருப்பி, துணியின் ஓரத்தைச் சுற்றிப் போட்ட ஓவர்லாக் தையலைப் பார்க்க வேண்டும். தையலின் இரண்டு பக்கமும் விரல் வைத்து இழுத்தால் நூல் பல்லைக் காட்டக் கூடாது. கீழ்மடிப்பில் பேட்லாக் இரட்டைத் தையலைக் கொஞ்சம் இழுத்தால் படபடவென்று அறுகிறதா என்று தெரியும். கடைசியாக, வெளிச்சம். கடைக்குள் ஒரே ட்யூப்லைட். ஷேடு வித்தியாசம் அதில் தெரியாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் கையையும் உடம்பையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார்.

குழந்தைத் துணிக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் டெய்லருக்குப் புது ஊசி கிடைக்கும். ஒரு முனை கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிற பண்டல் அத்தனையும் டிடெக்டர் மெஷினில் ஓடும். குழந்தை உடம்பில் குத்திவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு பாடு. தையல் லைன் மொத்தமும் நின்று தரையைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு மில்லிமீட்டர் இரும்பைத் தேடிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நம் கேத்தியில் 1949இலிருந்து ஊசி செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. மலையில் பிறந்த எனக்கு ஊசி என்றால் கேத்தி பஸ்ஸில் வருகிறவர்களின் வேலை என்றுதான் சின்ன வயதில் தெரியும். அதன் ஒரு துண்டுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று திருப்பூர் போய்த்தான் பார்த்தேன். ஆகவே சர்ப்ளஸ் வரிசையில் இருக்கும் குழந்தைத் துணியைத் தைரியமாக எடுக்கலாம். செகண்ட்ஸ் பெட்டியில் குழந்தைத் துணி எடுக்காதீர்கள். அழுத்துகிற பட்டன் பிடுங்கி வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அண்ணனிடமும் இதைச் சொன்னேன். இப்போது குழந்தைத் துணியைப் பெட்டியில் போடுவதை நிறுத்திவிட்டார். அதற்காகவே இன்னும் நாலு பேரிடம் இந்தக் கடையைச் சொல்லலாம்.

லேபிள் விஷயம். நிஜமான சர்ப்ளஸில் பெரும்பாலும் பிராண்ட் லேபிளை வெட்டியிருப்பார்கள், அல்லது கருப்பு மார்க்கரால் கோடு போட்டிருப்பார்கள். லேபிளோடு வெளியே விற்கக் கூடாது என்று பையரோடு ஒப்பந்தம் இருக்கும். ஊட்டியில் ஒரு கடையில் உலகப் புகழ்பெற்ற ஒரு பிராண்டின் லேபிள் பளபளவென்று இருந்த டி-ஷர்ட்டைக் காட்டி 600 சொன்னார்கள். திருப்பிப் பார்த்தேன். கழுத்துத் தையலின் நூல் ஒரு நிறம், லேபிளைத் தைத்த நூல் வேறு நிறம். லேபிள் பின்னால் வந்து ஒட்டியது. இங்கே அவிநாசிக்காரர் கடையில் அந்த வேலை கிடையாது. வெட்டிய லேபிளின் நுனி கழுத்தில் இருக்கும், அவ்வளவுதான். உறுத்தினால் சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்து எடுத்துவிடலாம்.

நான் வாங்கியவற்றில் நிறையச் சொல்லலாம். பையனுக்கு எடுத்த டி-ஷர்ட்டுகள் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டன, கழுத்து அப்படியே இருக்கிறது. லெகிங்ஸ் சுமார்தான், முட்டியில் தொங்கிவிட்டது. பெரிய வருத்தம் ஹூடியில். கனமான பருத்தி ஃப்ளீஸ், உள்ளே மெத்தென்று பிரஷ் செய்தது, 550 ரூபாய்க்கு அதைவிட நல்ல துணி கிடைக்காது. ஆனால் ஐப்பசி மழையில் குன்னூரில் துவைத்துப் போட்டால் நாலு நாளானாலும் காயாது. ஐந்தாம் நாள் வாடை வந்துவிடும். பாலியெஸ்டர் கலந்த ஹூடி அதே மழையில் ஒன்றரை நாளில் காய்ந்தது. மலையில் இருப்பவர்கள் தினமும் போட கலப்புத் துணியை எடுங்கள். பருத்தி ஃப்ளீஸ் வீட்டில் அடுப்படியில் உலர்த்த இடம் இருந்தால் மட்டும்.

இது நம் கொடிக்கயிற்றோடு முடிகிற சங்கதியாகவும் இல்லை. உலகச் சந்தையே செயற்கை இழைப் பக்கம் சாய்ந்துவிட்டது. விளையாட்டு உடை, ஓட்டத்துக்கான உடை, சீக்கிரம் காய்கிற உடை என்று கேட்கிறார்கள். திருப்பூர் பருத்தியில் வளர்ந்த ஊர். 1978இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதி தொடங்கியது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அப்போதிலிருந்து கோடைக்கால பருத்தி உடைதான் பலம், குளிர்கால ஆர்டர் குறைவு, அதனால் வருடத்தில் சில மாதம் மெஷின் காயும். கொஞ்ச காலமாகச் செயற்கை இழைக்கும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடையின் சுவரோரத்திலேயே அது தெரிகிறது. முன்பு பத்துக்கு ஒன்பது பருத்தி. இப்போது விளையாட்டு டி-ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டும் பாதிச் சுவரைப் பிடித்திருக்கின்றன, தையலும் பருத்திக்கு ஈடாக வந்துவிட்டது.

இனி நடு மேஜை. 2025 ஆவணிக்குப் பிறகு அது நிரம்பி, ஸ்டூல் மேலும் தரையிலும் வந்துவிட்டது. அத்தனையும் அமெரிக்கச் சரக்கு. சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட பைஜாமா செட், கலைமான் படம் போட்ட குழந்தை உடை, எல்லாம் அமெரிக்கக் கடைகளின் கிறிஸ்துமஸுக்குத் தைத்தவை. 2025 ஆகஸ்ட் 7 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. பருத்தி டி-ஷர்ட்டுக்கு முன்பே 16.5 விழுக்காடு வரி இருந்தது. எல்லாம் சேர்த்து அப்போது 66.5 ஆனது. அந்த நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் கூடுதல் வரி 20தான் இருந்தது, பாகிஸ்தானுக்கு 19. ஒரு டி-ஷர்ட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைத்துக் கொடுக்கிற ஊர் எது என்று பார்த்து ஆர்டரை மாற்றுகிற தொழில் இது. முப்பது விழுக்காடு வித்தியாசத்தை எந்தக் கம்பெனி தாங்கும்? திருப்பூர் ஏற்றுமதி ஒரு வருடத்துக்கு சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்ட நேரத்தில்தான் இது வந்தது, அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போவது.

“வரிக்குப் பாதிய நீங்க ஏத்துக்கங்கன்னு பையர் கேக்கறானுங்க அம்மிணி. ஏத்துக்கிட்டா நட்டம், இல்லீன்னா அடுத்த சீசன் ஆர்டரே கெடயாது” என்றார் அண்ணன். அவருக்குத் தெரிந்த கம்பெனிகளில் சில தள்ளுபடி கொடுத்துக் கப்பலேற்றிவிட்டன. முடியாதவர்கள் வைத்திருந்து, கிடங்கில் இடமில்லாமல் கிலோ விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படி வந்ததுதான் மேஜையில் இருக்கும் பைஜாமா.

அந்தப் பைஜாமாவை நான் நன்றாகப் பார்த்தேன். ஃபெயிலான லாட் இல்லை. தையல் ஒன்றுகூட விடவில்லை, கட்டங்கள் பக்கத் தையலில் கோடு தவறாமல் சேர்கின்றன. கட்டத்தைச் சேர்க்க கட்டிங் மாஸ்டர் துணியை எத்தனை தடவை நேர்படுத்தியிருப்பார், டெய்லர் பக்கத்தில் உதவியாள், கைமடி, நின்று எப்படி இழுத்துப் பிடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். செட் 320 ரூபாய். வாங்குகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு, வாங்குங்கள், உங்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் கடையில் நின்று “இன்னும் 200க்குத் தர மாட்டீங்களா” என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. அண்ணன் கிலோ விலை கொடுத்து எடுத்தாலும் கம்பெனிக்கு நட்டம்தான், அங்கே ஒன்றரை ஷிஃப்ட் ஓடியது ஒரு ஷிஃப்ட் ஆகியிருக்கும். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் இருந்த அரை ஷிஃப்ட் காசு போயிருக்கும். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இருந்தே திருப்பூர் போன பையன்கள் இரண்டு பேர் புரட்டாசியில் திரும்பி வந்து கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போகிறார்கள்.

இந்த மாதிரி ஒரே நாட்டை நம்பி விழுந்தது எங்கள் மலைக்குப் புதிதில்லை. என் அப்பா சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து டேன்டீயில், அதாவது தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில், வேலைக்குச் சேர்ந்தவர். நீலகிரித் தேயிலை அப்போது சோவியத் ரஷ்யாவுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. 1991இல் அந்த நாடே கலைந்தது. 90கள் முடியும்போது பச்சைத் தேயிலை விலை எப்படிச் சரிந்தது என்று இங்கே சிறு தோட்டம் வைத்திருந்த எந்த வீட்டிலும் கேட்டுப்பாருங்கள். அந்தச் சரிவில்தான் எங்கள் வயதுப் பெண்களும் பையன்களும் மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி என்று பஸ் ஏறித் திருப்பூரில் இறங்கினோம். நான் போய்ச் சேர்ந்த 2005இல் அங்கே கொண்டாட்டம். அந்த ஜனவரியில்தான் கோட்டா முடிந்திருந்தது. பணக்கார நாடுகள் இந்த நாட்டிலிருந்து இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று முப்பது வருடமாக அளவு வைத்திருந்தன, அது போனதும் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம் என்றார்கள். ஆள் எடுக்கப் பஸ் அனுப்பினார்கள். அளவு போன இடத்தில் 2025இல் வரி வந்து உட்கார்ந்தது. தேயிலையில் விழுந்து துணிக்குப் போனவர்கள் துணியிலும் அதையே பார்க்கிறோம். வாங்குகிறவன் கதவைச் சாத்தினால் தைக்கிறவளுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. பிரிட்டனோடு 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதன்படி நம் துணிக்கு அங்கே வரி இருக்காது. ஒரே கூடையில் போடாமல் நாலு நாட்டுக்கு விற்கிற கம்பெனிதான் 2025இல் ஆட்களை நிறுத்தாமல் ஓடியது என்று அண்ணனும் சொன்னார்.

கடையின் பின்சுவரில் ஒரு சின்ன அலமாரி உண்டு, ஜாக்கெட்டும் ஜீன்ஸும். வாஷ்கேர் லேபிளில் ‘மேட் இன் பங்களாதேஷ்’ என்று இருக்கும். சிலர் அதைப் பார்த்ததும் கீழே வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். கனமான நெய்த துணியில் அவர்கள் தையல் பிரமாதம். உலகத்தில் சீனாவுக்கு அடுத்து அதிகமாக ஆடை விற்கிற நாடு அது, ஏற்றுமதி வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆடையிலிருந்தே வருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் ஐரோப்பாவில் அவர்களுக்கு வரி இல்லை, நமக்கு இருந்தது. அதனால் எங்கள் கம்பெனியில் ஆர்டர் போகும்போதெல்லாம் அவர்களைத் திட்டுவார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே சுவர் விரிசல் விட்டிருந்தது, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் செக்கிங் டேபிளில் யாரும் அவர்களைத் திட்டவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலப் பெண்கள். ஏழை நாடு என்ற பட்டியலிலிருந்து வெளியேறினால், மூன்று வருடம் கழித்து ஐரோப்பாவில் அந்தச் சலுகை அவர்களுக்கும் முடிந்துவிடும், அப்புறம் அவர்களுக்கும் அங்கே கஷ்டம்தான். இந்த அலமாரி இப்போது காலியாகிக்கொண்டிருக்கிறது. 2025 மே மாதத்தில் வங்கதேச ஆடை தரைவழியாக இந்தியாவுக்குள் வரக் கூடாது, கொல்கத்தா, நவசேவா துறைமுகம் வழியாக மட்டும்தான் என்று தடை போட்டார்கள். அண்ணனுக்கு வரும் லாட் குறைந்துவிட்டது. 36க்கு மேல் இடுப்பளவு வேண்டுமானால் இருப்பதைப் பாருங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போட்டுப் பார்க்க இடமில்லை. திரைச்சீலை கட்டச் சொல்லிப் பல தடவை கேட்டாயிற்று. பெண்கள் அளவெடுக்கிற டேப் கொண்டு போவது நல்லது. அமெரிக்கச் சரக்கு நம் அளவைவிட ஒரு சைஸ் பெரிது, எல் போடுகிறவர்கள் எம் எடுங்கள், தோள் அளவை நம்புங்கள். மழைக்காலத்தில் கீழே இருக்கிற பெட்டிகளில் ஈர வாடை ஏறிவிடுகிறது. தரைக்கு ஒரு பலகையாவது போட்டிருக்கலாம், இவ்வளவு துணி தெரிந்தவர் இதை விட்டது எனக்குப் புரியவில்லை. பில் கேட்டால்தான் போடுவார், கேளுங்கள். செகண்ட்ஸ் திரும்ப எடுக்க மாட்டார், சரிதான். ஆனால் சர்ப்ளஸில் குறை இருந்தால் மூன்று நாளைக்குள் மாற்றித் தருவேன் என்கிறார், எனக்கு ஒரு தடவை மாற்றியும் தந்தார், பேசாமல்.

கம்பளி ஸ்வெட்டர் தேடுகிறவர்கள் இங்கே வர வேண்டாம். அது இவர் தொழில் இல்லை. ஊட்டியில் திபெத்தியர் மார்க்கெட்டுக்குப் போங்கள், லூதியானா சரக்கு நிறைய இருக்கும்.

லோடு திங்கட்கிழமை இரவு வருகிறது, செவ்வாய் காலை பத்து மணிக்குப் பிரிப்பார். ஞாயிறு கூட்டம் அதிகம், துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடாது. கிறிஸ்துமஸுக்குப் பைஜாமா எடுக்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை சைஸ் வேகமாகப் போகிறது, சர்ச்சுகளிலிருந்து குழந்தைகளுக்கு மொத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் சைஸ் இன்னும் இரண்டு பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. விலை 320. பேரம் பேசாமல் வாங்குங்கள்.